வீட்டு வாசலிலிருந்து பழனிக்கு நடக்க எத்தனை நாள் ஆகும்? கணக்குப் போடும் முறை

2024 தைப்பூசத்துக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு மூன்று பேர் கிளம்பினோம். நான், மச்சினன், சித்தப்பா. ஜனவரி 25 வியாழக்கிழமை தைப்பூசம். 20ஆம் தேதி சனிக்கிழமை விடிகாலை புறப்பட்டு ஐந்தே நாளில், 24ஆம் தேதி இரவு, பழனி அடிவாரத்தில் படுப்பதாகத் திட்டம். தூரத்தை ஐந்தால் வகுத்தேன், நாளுக்கு 31 கிலோமீட்டர் வந்தது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் ஆறு மணி நேர வேலைதானே, மீதி நேரமெல்லாம் ஓய்வு என்று மற்ற இருவருக்கும் பெருமையாக விளக்கியது நான்தான்.

போய்ச் சேர்ந்தது 26ஆம் தேதி சாயங்காலம். பழனியில் தேர் ஓடிக்கொண்டிருந்தபோது நாங்கள் ஒட்டன்சத்திரத்தில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சித்தப்பாவின் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தோம். ஆபீஸில் இரண்டு நாள் கூடுதல் விடுப்புக்குப் போனில் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அடுத்த வருடம் வேறு மாதிரிக் கணக்குப் போட்டோம். எட்டு நாள் என்று எழுதினோம், எட்டாம் நாள் மாலை பழனியில் இருந்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். குழுவோடு போகிறவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது, குருசாமி பார்த்துக்கொள்வார். சொந்த வீட்டிலிருந்து, நாலைந்து பேராக, முதல் முறை கிளம்புகிறவர்களுக்காக எழுதியது. நீங்கள் வேறு ஊராக இருந்தால் ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. சேர வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எல்லோரும் கிளம்புகிற நாளைத்தான் முதலில் முடிவு செய்கிறோம். லீவு எப்போது ஆரம்பிக்கிறது, நல்ல நாள் எது என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து முன்னோக்கி எண்ணுகிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தைப்பூசம் வருடா வருடம் ஒரே தேதியில் வருவதில்லை. 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. பொங்கல் விடுமுறையோடு ஒட்டி வரும் என்று மனக்கணக்குப் போடாமல் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். 2021 முதல் தமிழ்நாட்டில் தைப்பூசம் அரசு விடுமுறை என்பதால் அந்த ஒரு நாள் மிச்சம்.

அடுத்து, எதற்காகப் போகிறீர்கள் என்று தெளிவாக முடிவு செய்யுங்கள். தேர் பார்க்க வேண்டுமா, மலையேறித் தரிசனம் செய்தால் போதுமா? பழனியில் தைப்பூசத் திருவிழா பத்து நாள். ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறும், ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் தைப்பூசத் தேரோட்டம். தேர் பார்க்கத்தான் வேண்டும் என்றால் தேருக்கு முந்தின நாள் மாலைக்குள் பழனியில் இருக்க வேண்டும். தரிசனம் மட்டும் போதும் என்றால் தைப்பூசத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவது உத்தமம். கூட்டம் அப்போதும் இருக்கும், ஆனால் மூச்சு விடலாம். நாங்கள் 2025இல் பிப்ரவரி 9ஆம் தேதி சேர்வதென்று எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

2. தூரத்தை உங்கள் வாசற்படியிலிருந்து அளங்கள்

திருச்சிக்கும் பழனிக்கும் 155 கிலோமீட்டர் சொச்சம் என்பார்கள். அது பேருந்து நிலையத்துக்குப் பேருந்து நிலையம். எங்கள் வீட்டிலிருந்து திருச்சி மத்தியப் பேருந்து நிலையமே சுமார் 9 கிலோமீட்டர். காவிரிப் பாலம், சத்திரம், பாலக்கரை என்று ஊருக்குள்ளேயே முதல் இரண்டு மணி நேரம் போய்விட்டது. என் கணக்கில் இந்த 9 கிலோமீட்டர் இல்லவே இல்லை.

கைப்பேசி வரைபடத்தில் நடைப்பயண வழியைப் போட்டால் தூரத்தோடு நேரமும் காட்டும். தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது காட்டும் நேரம், தூக்கம், சாப்பாடு, கொப்புளம் எதுவும் இல்லாத ஓர் ஆள் நிற்காமல் நடப்பதற்கான நேரம். இன்னொரு விஷயம், சில இடங்களில் அது கிராமத்துக் குறுக்குப் பாதையைக் காட்டும். பகலில் போகலாம். விடிகாலை நாலு மணிக்கு அந்தப் பாதையில் தெருநாய்தான் துணை. அன்னதானப் பந்தல், டீக்கடை, மற்ற யாத்ரீகர்கள் எல்லாம் பிரதான சாலையில்தான் இருப்பார்கள். அதனால் மணப்பாறை, வையம்பட்டி, அய்யலூர், வடமதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று சாலை வழியாகவே ஊர்களைக் குறித்து, துண்டு துண்டாக அளந்து கூட்டுங்கள். புறவழிச் சாலை உள்ள ஊர்களில் ஊருக்குள் போய்த் தங்கப்போகிறீர்களா, வெளியே சுற்றிப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் மாறும்.

எல்லாம் கூட்டினால் எங்களுக்குச் சுமார் 165 வந்தது.

3. உங்கள் வேகம் இரண்டாம் நாளில்தான் தெரியும்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது ஒன்றும் பொய்யில்லை. முதல் நாள் முதல் ஒரு மணி நேரம் நானும் 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே நடந்தேன், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதே நோட்டில் மூன்றாம் நாள், மணப்பாறை தாண்டி, "6.10 முதல் 7.10 வரை 2.6" என்று இருக்கிறது. அந்த எழுத்தே கோணலாகத்தான் இருக்கிறது.

எனவே கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பு, அடுத்தடுத்த இரண்டு நாள் நடந்து பாருங்கள். ஒரு நாள் நடந்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி நடப்பது பரீட்சையே இல்லை. நாங்கள் ஒரு சனிக்கிழமை சமயபுரம் போய்த் திரும்பினோம், ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து மறுபடியும் சமயபுரம். ஆத்தாளுக்கே அலுத்திருக்கும்.

அளக்கும்போது டீக்கு நின்றது, ஒதுங்கியது, உட்கார்ந்தது எல்லாவற்றையும் சேர்த்துக் கடிகார நேரத்தை எடுங்கள். மொத்தக் கிலோமீட்டரை மொத்த மணி நேரத்தால் வகுத்தால் வருவதுதான் உங்கள் வேகம். எனக்குச் சனிக்கிழமை 3.8, ஞாயிற்றுக்கிழமை 3.1. கணக்குக்கு ஞாயிற்றுக்கிழமை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர்களில் மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய ஞாயிற்றுக்கிழமை எண்ணை. "நான் முன்னால் போய்க் காத்திருக்கிறேன்" என்பதெல்லாம் முதல் நாள் மத்தியானம் வரைக்கும்தான் நடக்கும்.

எப்படிப் போகப்போகிறீர்களோ அப்படியே நடந்து பாருங்கள். செருப்பில்லாமல் போவதாக வேண்டுதல் இருந்தால் செருப்பில்லாமல். முதுகில் பையோடு போவதென்றால் அதே கனமுள்ள பையோடு. நான் ஷூ போட்டுக்கொண்டு அளந்துவிட்டு வெறுங்காலோடு போனேன். தை மாதத்தில்கூட பதினொரு மணிக்குத் தார் சுடும், சாலையோரம் ஜல்லி கிடக்கும், ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு போவதற்கு முன் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம். காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் முள் குத்தினதே தெரியாது.

4. ஒரு நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எழுதாதீர்கள்

இருபத்துநாலு மணி நேரம் இருக்கிறதே, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நடக்கலாமே என்று தோன்றும். வெயில் அதற்கு விடாது. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது, ஒன்பதரைக்குள் நிழல் தேட வேண்டும். மறுபடி நாலு மணிக்கு மேல் எழுந்து ஏழரை வரை. கூட்டினால் எட்டு மணி நேரம், சிரமப்பட்டால் ஒன்பது. நடுவில் உள்ள ஆறு மணி நேரத்தில் குளியல், துணி துவைப்பது, சாப்பாடு, தூக்கம். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் சாயங்கால நடை இல்லை.

இரவு முழுக்க நடப்பவர்களும் உண்டு. குளிர்ச்சியாக இருக்கும், உண்மைதான். ஆனால் லாரிகள் ஓடும் நான்கு வழிச் சாலையில் தூக்கக் கலக்கத்தோடு நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எப்போது நடந்தாலும் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்புறமாக நடங்கள், முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், கையில் டார்ச் இருக்கட்டும்.

இப்போது கணக்கு. மணிக்கு 3 கிலோமீட்டர், எட்டு மணி நேரம், நாளுக்கு 24. 165ஐ 24ஆல் வகுத்தால் ஏழுக்குச் சற்றுக் குறைவு. ஏழு நாள் என்று எழுதுங்கள். 2024இல் 20ஆம் தேதி கிளம்பி 26ஆம் தேதி சேர்ந்த எங்களுக்கு ஆனதும் சரியாக ஏழு நாள்தான்! அதாவது நாங்கள் ஒன்றும் தாமதமாகப் போகவில்லை. என் கணக்குதான் அவசரப்பட்டிருக்கிறது.

"நாங்க நாலே நாள்ல போயிட்டோம்" என்று யாராவது சொன்னால், எங்கிருந்து கிளம்பினீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மணப்பாறையிலிருந்து என்பார்.

5. அப்புறம் அந்த எண்ணைத் தள்ளி வைத்துவிட்டு, படுக்கும் இடங்களை எழுதுங்கள்

முதல் வருடம் வையம்பட்டிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். பச்சை வேட்டி, கழுத்தில் மூன்று மாலை. பல வருடமாக ஒரு குழுவுக்குக் குருசாமியாக இருப்பவராம். கடைக்காரரிடம் வெந்நீர் வாங்கிக் கல்லுப்புப் போட்டு, சித்தப்பாவின் காலை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைக்கச் சொன்னார். "இன்னைக்கு எங்க படுக்கப் போறீங்க?" என்று கேட்டார். 31 கிலோமீட்டர் ஆனதும் பார்த்துக்கலாம் என்றேன். சிரித்துவிட்டு, "கிலோமீட்டரை எண்ணாதீங்க தம்பி, படுக்கையை எண்ணுங்க" என்றார்.

24 கிலோமீட்டர் முடியும் இடத்தில் ஒரு புளியமரமும் கைகாட்டிப் பலகையும் மட்டும் இருந்தால் என்ன செய்வீர்கள்? 18இல் நிற்க வேண்டும், அல்லது 29 போக வேண்டும். நாட்களைத் தீர்மானிப்பது இதுதான். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக வருடந்தோறும் பழனிக்குப் போகும் நகரத்தார் காவடியைப் பாருங்கள், எந்த இரவு எந்த ஊரில் தங்குவது என்பது வழிவழியாக வந்த ஏற்பாடு. கால்நடையாகப் போனவர்கள் காலங்காலமாக இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். திருச்சி-பழனி வழியிலேயே கல்பட்டிச்சத்திரம், ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று எத்தனை சத்திரம் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! பேருந்தில் போகும்போது வெறும் ஊர்ப் பெயர். நடக்கும்போதுதான், இங்கே ஒருத்தன் கால் வலித்து உட்கார்ந்திருப்பான் என்று புரிகிறது.

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு இரவுக்கும் இரண்டு இடம் எழுதுங்கள். ஒன்று, தங்க நினைக்கும் இடம். இன்னொன்று, அதற்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் முன்னால், கால் ஓய்ந்தால் நிற்கும் இடம். கல்யாண மண்டபம், கோயில் மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, தெரிந்தவர் வீடு, லாட்ஜ் எதுவாகவும் இருக்கலாம். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் அந்த வழியே போய் நேரில் பேசிவிட்டு வாருங்கள். ஒரு நாள் பெட்ரோல் செலவு, இரண்டு நாள் அலைச்சல் மிச்சம். தண்ணீரும் கழிப்பறையும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், பெண்கள் கூட வந்தால் இதுதான் முதல் கேள்வி. முந்தைய நாள் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். தை முகூர்த்த மாதம், மண்டபத்தில் திடீரென்று கல்யாணம் இருக்கும். எங்களுக்கு ஓரிடத்தில் அப்படித்தான் ஆனது. ஆனால் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

2025இல் நாங்கள் எழுதிய தாள் இது. தூரமெல்லாம் தோராயம்.

முதல் நாள், வீட்டிலிருந்து ராம்ஜி நகர் தாண்டி, 20 கிலோமீட்டர். இரண்டாம் நாள் மணப்பாறை, 26. வழியில் தங்க வசதியாக எங்களுக்கு எதுவும் அமையாததால் இந்த நாள் நீண்டுவிட்டது. மூன்றாம் நாள் வையம்பட்டி, வெறும் 14. நான்காம் நாள் கல்பட்டிச்சத்திரம், அய்யலூர் தாண்டி வடமதுரை வரை, 26. ஐந்தாம் நாள் திண்டுக்கல், 18. ஆறாம் நாள் ரெட்டியார்சத்திரம் கடந்து 20. ஏழாம் நாள் ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாட்சி, 22. எட்டாம் நாள் சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் பழனி, 18.

மூன்றாம் நாளுக்கு ஏன் 14 மட்டும் என்று கேட்பீர்கள். முதல் இரண்டு நாள் கொப்புளம் உள்ளே உருவாகும், மூன்றாம் நாள்தான் வெளியே தெரியும். தொடை உரசிப் புண்ணாவதும் அன்றுதான். அன்றைக்கு வண்டியை ஓட்டினால் மீதி ஐந்து நாளும் நொண்டல். அன்று மத்தியானத்தோடு நடையை நிறுத்திவிட்டுக் காலைத் தூக்கி வைத்துப் படுத்துவிடுங்கள். நாலாம் நாள் 26 கிலோமீட்டர் போக முடிந்தது அதனால்தான்.

6. அன்னதானத்துக்கும் நேரம் எழுதுங்கள்

இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. திண்டுக்கல் தாண்டினால், தைப்பூசத்துக்கு முந்தைய நாலைந்து நாளில், சாலையோரம் பந்தல் பந்தலாக இருக்கும். சுக்குக் காபி, மோர், எலுமிச்சை சாதம், தர்ப்பூசணிக் கீற்று, ஓரிடத்தில் சூடாக மிளகாய் பஜ்ஜி. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, சொன்னால் மனசு கஷ்டப்படுவார்கள். ஒவ்வொரு பந்தலிலும் பத்து நிமிடம் என்றால்கூட நாளுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். ஆறாம், ஏழாம் நாள் தூரத்தை நாங்கள் குறைத்து எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். வயிறு நிறைய நிறையச் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடக்க முடியாது என்பதை மச்சினன் ரெட்டியார்சத்திரத்தில் நிரூபித்தான்.

எதிர்ப்பக்கப் பொறி ஒன்றும் உண்டு. பந்தலை நம்பிச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு இல்லாமல் கிளம்பக் கூடாது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வரை, அதிலும் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு, பந்தல்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். பையில் ஒரு வேளைக்கு அவலும் பேரீச்சம்பழமும் இருக்கட்டும்.

7. உபரி நாள் ஒன்று

ஏழு நாள் கணக்கு வந்தால் எட்டு என்று எழுதுங்கள். அந்த ஒரு நாளைக் கடைசியில் வைக்காமல், திண்டுக்கல் போன்ற பெரிய ஊருக்கு அருகில் வைப்பது நல்லது. மருத்துவமனை, மருந்துக் கடை, செருப்புக் கடை, லாட்ஜ் எல்லாம் அங்கே இருக்கும். எங்களுக்கு அந்த நாள் மூன்றாம் நாளிலும் ஐந்தாம் நாளிலுமாகப் பாதிப் பாதி செலவானது.

பத்துப் பேருக்கு மேல் போனால் இன்னொரு நாள் சேர்த்துவிடுங்கள். ஆள் கூடக் கூடக் கிளம்பும் நேரம் தள்ளும். நாலு மணி என்று சொல்லி, ஒரே குழாயில் பத்துப் பேர் பல் துலக்கி முடிக்கும்போது ஐந்தாகிவிடும்.

8. விடுப்பும் காகிதங்களும்

விடுப்பு விண்ணப்பத்தில் நடக்கும் நாட்களை மட்டும் எழுதாதீர்கள். எட்டு நாள் நடை, தரிசனத்துக்கு ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், வீட்டில் கால் நீட்டிப் படுக்க ஒரு நாள், மொத்தம் பதினொன்று. நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளும் தைப்பூச விடுமுறையும் கழிந்தால் எட்டொன்பது நாள் விடுப்பு ஆகும். குறைத்து எழுதிவிட்டு வழியிலிருந்து நீட்டிக்கக் கேட்பது எவ்வளவு அசிங்கம் என்று அனுபவித்துவிட்டேன்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார் அட்டையும் அதன் இரண்டு நகல்களும், லாட்ஜில் ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டு, பத்து நாளுக்கல்ல, பதினைந்து நாளுக்கான மாத்திரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ வேறு மருத்துவக் காப்பீட்டு அட்டையோ இருந்தால் அதன் நகல். ஒரு சிறு தாளில் பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், போன் சார்ஜ் போய்விட்டால் யாருக்கும் எந்த எண்ணும் மனப்பாடமாக இருக்காது. எல்லாவற்றையும் ஒரு பால் கவரில் சுற்றி வைத்தால் வியர்வையில் நனையாது. படுக்கும் இடங்கள் எழுதிய தாளின் நகல் ஒன்றை வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனோம். அதைப் பார்த்துப் பார்த்து அம்மா எங்களைவிடச் சரியாக நாங்கள் இருக்கும் இடத்தைச் சொன்னார்.

9. செலவு

2025இல் எனக்கு, ஒரு ஆளுக்கு ஆனதைச் சொல்கிறேன். சாப்பாடு, டீ, இளநீர் எல்லாம் திண்டுக்கல் வரை நாளுக்கு 200 முதல் 250 ரூபாய், அதற்குப் பிறகு 100கூட ஆகவில்லை. மணப்பாறையிலும் திண்டுக்கல்லிலும் லாட்ஜ், மூன்று பேரும் பங்கிட்டதில் என் பங்கு 700 சொச்சம். மற்ற இடங்களில் உண்டியலிலோ பராமரிப்பவர் கையிலோ கொடுத்தது 300. பஞ்சு, பிளாஸ்திரி, களிம்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் 350. திரும்பும் பேருந்துக்கு 150 ஒதுக்கினால் மிஞ்சும். காணிக்கையை விட்டுவிட்டால் மூவாயிரத்துக்குள் முடிந்தது.

நாள் கூடினால் செலவு கூடும் என்று பயந்துதான் முதல் வருடம் நாளைக் குறைத்தேன். அந்த வருடம் ஆனது நாலாயிரத்துக்கு மேல். அகாலத்தில் கிடைத்த அறைக்குக் கேட்ட காசைக் கொடுத்தோம், சித்தப்பாவை ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் போனோம், அவசரமாக ஒரு ஜோடி செருப்பு வாங்கினோம்.

10. கடைசி 10 கிலோமீட்டரும் மலையும் தனிக் கணக்கு

ஆயக்குடியில் கொய்யா வாங்கிக் கடித்துக்கொண்டே மலையைப் பார்த்ததும் வந்துவிட்டோம் என்று தோன்றும். திருவிழா நாட்களில் அங்கிருந்து வேகம் பாதியாகிவிடும். உடுமலை, தாராபுரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிற கூட்டம் பழனியில் சேர்கிறது. திண்டுக்கல்-பழனி சாலையில் பல இடங்களில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே நடைபாதை போட்டிருக்கிறார்கள், ஆனால் விடாமல் தொடர்ந்து இருக்கும் என்று நம்ப வேண்டாம். கடைசி 10 கிலோமீட்டருக்கு மணிக்கு 2 என்று எழுதுங்கள்.

போய்ச் சேர்ந்த அன்றே மலையேறித் தரிசனம் என்று திட்டமிடாதீர்கள். படி ஏற ஆரோக்கியமான காலுக்கு அரை மணி, நடந்து வந்த காலுக்கு ஒன்றேகால் மணி நேரம். அதற்கு மேல் வரிசை. தைப்பூசத்தை ஒட்டி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒருவழிப் பாதை வைப்பார்கள், ஏறிய வழியில் இறங்க முடியாது, அடிவாரத்தில் சந்திக்கும் இடத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். காரணம், 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை. கீழே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும், மேலே யாரையும் கூப்பிட முடியாது. மின் இழுவை ரயில், ரோப் கார் இரண்டையும் நம்பி நேரம் குறிக்காதீர்கள். அங்கும் வரிசைதான், காற்று பலமாக அடித்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். மலையைச் சுற்றியுள்ள கிரிவீதிக்குள் தனியார் வாகனங்களை 2024 முதல் விடுவதில்லை, பேட்டரி வண்டி இருக்கும். வீட்டிலிருந்து யாராவது காரில் வந்து ஏற்றிக்கொள்வதாக இருந்தால் வேறு இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

முடி இறக்குவதாக இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் சேர்க்கவும். கட்டணம் கிடையாது, வரிசை உண்டு. மலையில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது, அதற்கும் வரிசை.

திரும்பும் நாள் பற்றி ஒன்று. எட்டு நாள் நடந்த கால் வீங்கித்தான் இருக்கும், கிளம்பும்போது போட்டிருந்த செருப்பு நுழையாது. உங்கள் அளவைவிட ஒரு அளவு பெரிய ரப்பர் செருப்பை ஆரம்பத்திலேயே பையின் அடியில் வைத்துவிடுங்கள். முதல் வருடம் சித்தப்பா இரண்டு காலிலும் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் திருச்சிப் பேருந்தில் ஏறினார். திண்டுக்கல் வரை நின்றுகொண்டே வந்தோம்.